சாண் அளவு விளைமீனுக்குள் சினை: இது பரிணாமமா, வலை செய்த வேலையா?

நிலாவெளித்தோணி:

எங்கள் வீட்டில் ஒரு பழைய படம் இருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலால் 1981 என்று எழுதியிருக்கிறது. அப்பா நிலாவெளிக் கரையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் ஒரு பாரை, வாலை மணலில் ஊன்றி வாயைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார், அதன் தலை அவர் இடுப்பைத் தாண்டுகிறது. இப்போது அந்தப் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் நம்புவதில்லை, போனில் வெட்டி ஒட்டியது என்கிறார்கள்.

மீன் குறைந்துவிட்டது, சிறுத்துவிட்டது என்பது எல்லாரும் சொல்லும் கதைதான், அதை எழுத நான் வரவில்லை. போன மாதம் அப்பா முற்றத்தில் விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தார். சின்ன மீன், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். உள்ளே சினை, அதுவும் முற்றிய சினை. கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்தில் இந்த அளவு மீனுக்குள் சினை இருக்காதடா, முழங்கை அளவு வந்தால்தான் வைக்கும்" என்றார். அவர் அளவுகோல் வைத்துச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நாற்பது வருடம் மீன் வெட்டிய கை, சும்மா தள்ளிவிட மனம் வரவில்லை.

ஜெர்மனியில் இருக்கிற மச்சானிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே, பால்டிக் கடலில் கொட் மீனும் இப்படித்தான் சிறுத்துப்போனது, அது பரிணாமம் என்று 2025இல் ஆய்வே வந்துவிட்டது என்றார். எனக்கு அது இடித்தது. நான் ஓ.எல். வரைக்கும் படித்த விஞ்ஞானத்தில் பரிணாமம் என்றால் கோடி வருடக் கணக்கு. ஒரு மனிதனின் தொழில் காலத்துக்குள் ஒரு மீன் இனம் மாறுமா? மாறியது என்றால், வலையைக் கட்டுப்படுத்தினால் பழைய அளவு திரும்பி வருமா, இல்லை போனது போனதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேலி செய்கிறவர்களும் செய்யலாம், ஆனால் பதிலோடு செய்யுங்கள்.


மூதூர்மாஸ்டர்:

தம்பி, கோடி வருடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்களில் நானும் ஒருவன். பாடப்புத்தகத்தில் திமிங்கிலம் தரையில் இருந்து கடலுக்குப் போன கதை வரும், அதற்கு ஐந்து கோடி வருடம் என்று எழுதுவோம், பிள்ளைகள் பரிணாமம் முழுவதுமே அந்த வேகம்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பிழை. யார் பிழைத்துப் பிள்ளை பெறுகிறார்கள் என்ற கணக்கு ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறை மாறினால், அந்தத் தலைமுறையிலேயே பரிணாமம் தொடங்கிவிடும். வருடத்தை விடுங்கள், தலைமுறையை எண்ணுங்கள். விளைமீனுக்கு மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்தாலும், உங்கள் அப்பாவின் நாற்பது வருடத்துக்குள் பத்துத் தலைமுறை போய்விட்டது.

சுவீடனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இதைப் படித்த நாளில் இருந்து வகுப்பில் திமிங்கிலத்துக்கு முதல் இதைத்தான் சொல்கிறேன். அங்கே கரைப்பாறைகளில் லிட்டோரினா என்ற சின்ன நத்தை இருக்கிறது. நண்டு இருக்கும் கரையில் அது பெரிதாக, தடித்த ஓட்டோடு, தொட்டால் உடனே ஒளிகிற பயந்த சுபாவத்தோடு இருக்கும். அலை அடிக்கும் பாறையில் நண்டு இல்லை, அங்கே அதே இனம் சின்னதாக, மெல்லிய ஓட்டோடு, பாறையைப் பிடிக்கப் பெரிய பாதத்தோடு, பயமில்லாமல் இருக்கும். 1988இல் நச்சுப்பாசி பெருகி, சின்னஞ்சிறு பாறைத்தீவுகளில் இருந்த அலை நத்தைகளை அடியோடு அழித்துவிட்டது. 1992இல் கெர்ஸ்டின் யொஹானசன் என்ற ஆய்வாளர் 700 நண்டுக்கரை நத்தைகளைக் கொண்டுபோய் அப்படி வெறுமையான ஒரு பாறையில் விட்டார். விட்டுவிட்டு முப்பது வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வந்து சேர்ந்த நத்தைகளின் சந்ததி சிறுத்து, ஓடு மெலிந்து, அழிந்துபோன அலை நத்தையைப் போலவே ஆகிவிட்டது. 2024இல் முடிவை வெளியிட்டார்கள், மரபணு வரைக்கும் பார்த்து. இதில் எனக்குப் பிடித்தது, எப்படி மாறும் என்பதை அயலில் இருக்கிற அலை நத்தைகளைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல முடிந்தது என்பதுதான்.

மீனுக்கு வருவோம். நியூயோர்க் பக்கத்தில் கொனோவர், மன்ச் என்று இருவர் சில்வர்சைட் என்ற மீனைத் தொட்டியில் வளர்த்தார்கள். நம் நெத்தலி போல விரல் நீள மீன், வருடத்துக்கு ஒரு தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுக்குத் தொண்ணூறைப் பிடித்துவிடுவார்கள். சில தொட்டியில் பெரியவற்றை எடுத்தார்கள், சில தொட்டியில் சிறியவற்றை, சில தொட்டியில் கண்ணை மூடிக்கொண்டு கையில் பட்டதை. நான்கே தலைமுறை. பெரியதை எடுத்த தொட்டி மீன், சிறியதை எடுத்த தொட்டி மீனின் பாதி எடைக்கு இறங்கிவிட்டது. தண்ணீர், தீனி, சூடு எல்லாம் ஒன்றுதான், எதை எடுத்தார்கள் என்பது மட்டும் வேறு. 2002இல் வந்த ஆய்வு. அப்போது எடுத்துவைத்த மீன்களின் மரபணுவை 2019இல் வேறொரு குழு வாசித்துப் பார்த்தது, வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட நூற்றுக்கணக்கான இடங்களில் மாற்றம் நடந்திருந்தது.

தம்பலகாமத்து விவசாயியைக் கேட்டுப் பாருங்கள், விதைநெல்லுக்கு எதை ஒதுக்குவீர்கள் என்று. நல்ல கதிராகப் பார்த்துத்தான் ஒதுக்குவார். கடலில் நாம் செய்வது அதற்கு நேர் எதிர். நல்லதை எல்லாம் விற்றுத் தின்றுவிட்டுப் பதரைத்தான் விதைக்கு விடுகிறோம், பிறகு போகம் போகமாகப் பயிர் ஏன் கட்டையாக வருகிறது என்று கேட்கிறோம்.


சோளகம்68:

மாஸ்டர் எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நான் 68இல் பிறந்து 82இல் கடலுக்குப் போனவன், எனக்கு இதில் பரிணாமமும் தெரியவில்லை, கிரிணாமமும் தெரியவில்லை. வலை தெரிகிறது. சுருக்கு வலையை வளைத்துப் போட்டு அடித்துக்கொண்டு போகிறார்கள், தங்கூசி வலையைத் தடை செய்தும் இரவில் இறக்குகிறார்கள், கல்லுக்குக் கிட்டே டைனமைட் போடுகிறவன் இன்னும் போடுகிறான். வளர விட்டால்தானே மீன் பெரிதாகும்? ஐந்து வயதுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, மனிதன் கட்டையாகிவிட்டான் என்று சொல்வது மாதிரி இருக்கிறது உங்கள் கதை.

இன்னொன்று. எல்லா வலையும் பெரியதைத்தான் எடுக்கும் என்று யார் சொன்னது? விரித்துவிட்டுக் காத்திருக்கிற வலையில் கண்ணுக்குள் தலை நுழைந்து செவுள் மாட்டினால்தான் மீன் நிற்கும். சின்னது கண்ணுக்குள்ளால் போய்விடும், மிகப் பெரியது முட்டிவிட்டுத் திரும்பிவிடும், நடுத்தரம்தான் அகப்படும். கரைவலை என்றால் வருவது எல்லாம் வரும், மடியில் கிடக்கிற குஞ்சையும் சேர்த்துத்தான் இழுப்போம், பொய் சொல்லவில்லை. தூண்டில்காரன்தான் பெரியதைத் தேடுகிறவன்.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். யுத்தக் காலத்தில் இரவில் கடலுக்குப் போக முடியாது, தூரம் போக முடியாது, பாஸ் இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. 2009க்குப் பிறகு கட்டுப்பாடு தளர்ந்து போனபோது முதல் இரண்டு மூன்று பருவம் கிடைத்த கலவாயைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றைத் தூக்க இரண்டு பேர். இனமே சிறுத்திருந்தால் அது எங்கே இருந்து வந்தது? பிறகு எல்லாரும் இறங்கினோம், நாலைந்து வருடத்தில் முடிந்தது. பிடிக்காமல் விட்டால் வளரும். இதற்கு ஆய்வு தேவையில்லை.


வெள்ளைக்கல்:

நான் மீன்வளம் படிக்கிறேன், கடைசி வருடம். சோளகம் ஐயா சொன்ன கலவாய்க் கதைதான் இந்த இழையிலேயே பெரிய தடயம், மாஸ்டர் கோபிக்கக் கூடாது.

கரைக்கு வருகிற மீன் சிறுத்துப்போனது என்றால் அதற்குள் மூன்று வேறு காரணங்கள் கலந்து கிடக்கலாம். மீனின் வயது குறைந்திருக்கலாம், அதாவது கிழட்டு மீன் எல்லாம் பிடிபட்டு இளையது மட்டும் மிச்சம். இது ஐயா சொல்வது, பிடிப்பதை விட்டால் கொஞ்ச வருடத்தில் சரியாகும். வடகடலில் இரண்டு உலகப் போரிலும் படகுகள் நின்றபோது மீன் பெருகியதும் இதே கதைதான். அடுத்தது, வயது அதேதான், ஆனால் தீனி குறைந்தோ கடல் சூடேறியோ மீன் குட்டையாகவே முற்றிவிடுகிறது. சூடான நீரில் குஞ்சு வேகமாக வளர்ந்து, சீக்கிரம் முற்றி, முழு அளவு வராமலே நின்றுவிடும், இது பல மீனிலும் நண்டிலும் பார்த்தது. மூன்றாவதுதான் மாஸ்டர் சொன்ன பரம்பரை மாற்றம். மூன்றும் மீன் சந்தைத் தராசில் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால்தான் ஆய்வாளர்களே இருபது முப்பது வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள்.

அவர்கள் பிரித்துப் பார்க்கிற வழி மீனின் காதுக்கல். கத்தாளைத் தலையை உடைத்தால் வெள்ளையாக ஒரு கல் வரும், சின்ன வயதில் பொறுக்கி விளையாடியிருப்பீர்கள், அதுதான். எல்லா முள்மீனுக்கும் உண்டு, கத்தாளைக்குப் பெரிது, அவ்வளவுதான். மரத்துக்கு வளையம் போல அதில் வளையம் விழும். வளையத்தை எண்ணினால் வயது, வளையத்தின் இடைவெளியைப் பார்த்தால் அந்த வருடம் எவ்வளவு வளர்ந்தது என்பது.

தோணி அண்ணை கேட்ட பால்டிக் ஆய்வும் கல்லை வைத்துத்தான். ஜெர்மனியில் கீல் நகரத்துக் கியோமார் கடலாய்வு நிறுவனத்துக்காரர்கள், பால்டிக் கடலில் போர்ண்ஹோல்ம் தீவுப் பக்கத்தில் 1996க்கும் 2019க்கும் இடையில் பிடித்த 152 கொட் மீனின் கல்லையும் மரபணுவையும் சேர்த்து வாசித்தார்கள். 96இல் முற்றிய மீன் 40 சென்ரிமீற்றர் அளவு, 2019இல் 20. பாதி. வேகமாக வளர்கிற மீனுக்குரிய மரபணு வகைகள் அருகிப்போய், மெதுவாக வளர்ந்து சின்ன உடம்பிலேயே முற்றுகிறவை பெருகியிருந்தன. அதைவிடக் கவலையான விஷயம், 2019இல் அங்கே கொட் பிடிப்பதை நிறுத்தியும் அளவு திரும்பி ஏறவில்லை.

ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2021இல் வேறொரு குழு நோர்வே லோபோட்டனில் 1907இல் பிடித்த கொட் மீனின் பழைய செதிலையும் கல்லையும் தேடி எடுத்து, கனடாப் பக்கத்துப் பழைய மீனையும் சேர்த்து, இன்றைய மீனோடு ஒப்பிட்டது. நூறு வருடம் அடித்துப் பிடித்த இடங்கள் அவை. கனடாவில் 1992இல் கொட் மீன்பிடியையே மூட வேண்டி வந்தது. அந்தளவு நெருக்கடி வந்த இடத்தில்கூட மரபணுவில் பெரிய சரிவு ஒன்றும் தெரியவில்லை. அதே கனடா மீன்தான், மூடுவதற்கு முந்தைய வருடங்களில் வரவர இளைய வயதில், சின்ன உடம்பில் சினைப்பட்டுக்கொண்டு வந்தது என்று 2004இல் எழுதியிருந்தார்கள். ஒரே மீன், இரண்டு விடை. உடம்பளவு ஒரு மரபணு வேலை இல்லை, நூற்றுக்கணக்கானவை துளித்துளியாகச் சேர்ந்து செய்வது, ஒவ்வொன்றிலும் துளி மாற்றம் நடந்தால் தனித்தனியாகப் பார்க்கும்போது கண்ணில் படாமலே போகலாம். நான் இப்போதைக்கு நடுவில்தான் நிற்கிறேன், ஒரு கால் ஐயா பக்கம்.

இனி உங்கள் அப்பாவின் சினை. ஐயாவின் கலவாய் திரும்பி வந்தது என்றால் வயது திரும்பி வந்தது என்று அர்த்தம், எந்த அளவில் சினை வைக்கிறது என்பது அதனால் தெரியாது. அது வேறு கேள்வி. உங்கள் அப்பா சரியான இடத்தில் கத்தியை வைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்குள் பிடிபட்டுவிடும் என்றால், ஐந்தாம் வருடம் முதல் சினை வைக்கிற மீனுக்குப் பேர் சொல்லப் பிள்ளை இருக்காது, இரண்டாம் வருடம் வைக்கிறதுக்கு இருக்கும். அளவைவிட அந்த வயதைத்தான் மீன்பிடி முதலில் அசைக்கும்.

கலவாயில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். அது பெண்ணாகத் தொடங்கிப் பிறகு ஆணாக மாறும், பெரியது பெரும்பாலும் ஆண். பெரியதையே தேடிப் பிடித்தால் கடைசியில் பெட்டைகள் மட்டும் மிஞ்சும். மெக்சிகோ வளைகுடாவில் காக் என்ற கலவாயில் ஆண் நூற்றுக்குப் பதினேழில் இருந்து இரண்டு அளவுக்கு இறங்கியது அப்படித்தான். பெரிய பெட்டையைப் பிடிப்பதும் இலேசான இழப்பு இல்லை. 30 கிலோ கொட் ஒன்று போடுகிற முட்டைக்கு 2 கிலோ மீன் 28 சேர்ந்தாலும் ஈடாகாது என்று 2018இல் கணக்குப் பார்த்தார்கள். சந்தைத் தராசில் அந்த 28 மீனும் சேர்ந்து 56 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நிறை.


மலையடிபோட்:

நான் திமிங்கிலம் காட்டப் போட் ஓட்டுகிறவன், மீன் கணக்கு எனக்கு வராது. ஆனால் மாஸ்டர் திமிங்கிலத்தைக் கொஞ்சம் இளக்காரமாக எழுதிவிட்டார், அதற்காக வந்தேன். கோணேசர் மலையில் நின்றே நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்க்கிற ஊர் நம்முடையது. துறைமுக வாயிலேயே கடல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது, அதனால்தான் ஆழ்கடல் விலங்கு கரைக்கு இவ்வளவு கிட்டே வருகிறது. வெள்ளைக்காரர் போட்டில் ஏறினால் கேட்கிற முதல் கேள்வி, இது உண்மையிலேயே தரையில் நடந்ததா என்று. நடந்தது, அதுவும் நம் பக்கத்திலேதான். பாகிஸ்தானில் பாக்கிசீட்டஸ் என்ற நாலு கால் ஆதித் திமிங்கிலம், காஷ்மீரில் இந்தோகையஸ் என்ற பூனையளவு மான் மாதிரிப் பிராணி. அதன் எலும்பைப் பல வருடத்துக்கு முதல் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் தோண்டி எடுத்துவைத்தார். உள்ளே என்ன இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது 2007இல். கல்லுக்குள் இருந்த காது எலும்பு திமிங்கிலத்தின் காது. இங்கேயும் காதுதான் பாருங்கள்.

2019இல் வந்த இன்னொன்று எனக்கு அதைவிடப் பிடித்தது. தரை வாழ்க்கைக்கு இருந்த 85 மரபணுக்களைத் திமிங்கிலம் தொலைத்துவிட்டது. தூக்கத்துக்கு நேரம் சொல்கிற மெலட்டோனின் செய்யும் மரபணுக்களும் அதில் அடக்கம். மூளை பாதி பாதியாகத் தூங்குகிற விலங்குக்கு அது எதற்கு?

அப்புறம் கடல் பாம்பு. வலையில் வந்தால் உதறிவிடுவோமே, அதில் ஒரு இனம் நியூ கலிடோனியாவில் இருக்கிறது. சுத்தமான கடலில் வரி வரியாக இருக்கிறது, நகரமும் சுரங்கமும் கிட்டே இருக்கும் கடலில் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு. கறுப்புத் தோல் நாகம், ஆர்செனிக் போன்றவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, தோலை உரிக்கும்போது நஞ்சும் போய்விடும். கறுத்த பாம்பு அடிக்கடி உரிக்கிறதாம். 2017இல் எழுதினார்கள். நாகம் என்றது உலோகத்தை, பாம்பை இல்லை, என் மருமகன் வாசித்துவிட்டுச் சிரித்தான்.


வெள்ளைக்கல்:

மலையடி அண்ணை தெரியாமலே தோணி அண்ணையின் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டார். திரும்பி வருமா என்று கேட்டீர்கள் அல்லவா? திமிங்கிலத்தின் அந்த 85 வராது, உடைந்து சிதைந்த மரபணு. மீனின் விஷயம் அப்படி இல்லை. பெரிதாக வளரும் வகை அருகிப்போகிறது, ஆனால் கூட்டத்தில் எங்கேயோ மிச்சம் இருக்கும். 1907 மீனை ஒப்பிட்டவர்கள் கண்டதும் அதுதான், வகைவகையான மரபணு இன்னும் தொலையவில்லை. மாஸ்டர் சொன்ன சில்வர்சைட்டிலும் பெரியதை எடுப்பதை நிறுத்திய பிறகு மீன் மெல்ல மெல்லப் பெருத்தது, முழுவதும் திரும்ப ஏறத்தாழ 12 தலைமுறை ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். வருடத்துக்கு ஒரு தலைமுறை மீனுக்கு 12 வருடம். விளைமீனுக்கு நாற்பது. இறங்கியது நான்கு தலைமுறையில், ஏறுவது பன்னிரண்டில், ஏனென்றால் இறக்குகிற வலை நூற்றுக்குத் தொண்ணூறை எடுத்தது, ஏற்றிவிட அப்படி ஒரு கை கடலில் இல்லை.

திருகோணமலை விளைமீனுக்கு எது நடந்தது என்று கேட்டால், பழைய கல் இல்லாமல் பிரிக்க முடியாது. நோர்வேக் கப்பல் நான்சன் 1978-80இல் நம் கடலை அளந்தது, பிறகு 2018இல் வந்து அளந்தது, மீன் பெரிய அளவில் குறைந்திருந்தது. ஆனால் எவ்வளவு மீன் இருக்கிறது என்பது வேறு, எந்த வயதில் சினை வைக்கிறது என்பது வேறு.

இன்றைக்குத் தொடங்கினாலும் பிழையில்லை அண்ணை. மீன் வெட்டும்போது நீளத்தை அளந்து எழுதுங்கள், மூக்கு நுனியில் இருந்து வால் பிளவு வரை. ஆணா பெட்டையா, சினை உண்டா, முற்றியதா. தலையைப் பின்பக்கமாகக் கீறிக் கல்லை எடுங்கள், மூளைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். கழுவிக் காயவைத்துக் கடதாசி உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் பிடிக்கும். உறை மேல் தேதி, இடம், என்ன வலை. வெப்பக் கடல் மீனுக்கு வளையம் மங்கலாகத்தான் விழும், குளிர்காலம் இல்லாத இடம், லென்ஸ் வைத்துப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், மெல்லியதாகச் சீவித்தான் எண்ண வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.


சோளகம்68:

பிள்ளை சொல்வது எனக்கு ஓரளவு சரியாகப் படுகிறது. ஒரு கால் என் பக்கம் வைத்ததற்காகச் சொல்லவில்லை. கல் வேண்டும் என்றால் வாடை தொடங்க முதல் எடுங்கள், பிறகு கடல் எழும்பிவிடும், மூன்று மாதம் ஒன்றும் இல்லை. கலவாய் பெண்ணாக இருந்து ஆணாகும் கதை தெரியாது, ஆனால் பெரிய கலவாயில் சினை கண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை, ஏன் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன்.


மூதூர்மாஸ்டர்:

பிள்ளைக்கு நான் கோபிக்கவில்லை. 1907 கதை எனக்குப் புதிது, விதைநெல் உதாரணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டி வரும் போலிருக்கிறது.


நிலாவெளித்தோணி:

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை அப்பாவோடு கரைக்குப் போய் ஆறு விளைமீன் வாங்கினேன். எங்கள் தோணி இப்போது ஓடுவதில்லை, வாங்கத்தான் வேண்டும். நான்கில் சினை, மிகச் சிறியது 27 சென்ரிமீற்றர். அப்பாவுக்கு முதலில் இது விளையாட்டாகத்தான் இருந்தது, கறிக்கு வாங்கிய மீனின் மண்டையைக் கெடுக்கிறாய் என்று அம்மாவும் ஏசினார். பிறகு அவரே கத்தியை வாங்கிக்கொண்டார், என்னால் கல்லை எடுக்க முடியவில்லை, அவர் ஒரே கீறலில் எடுத்தார்.

கொப்பியில் எழுத உட்கார்ந்தபோது, அந்தக் காலத்து அளவையும் எழுது என்றார். என்னவென்று எழுதுவது? முழங்கை அளவு என்றால் எத்தனை என்று கேட்டேன். கையை நீட்டினார். முழங்கையில் இருந்து நடுவிரல் நுனி வரை அளந்தேன், 46. கொப்பியில் முதல் வரியாக அதை எழுதியிருக்கிறேன், ஆய்வுக்கு உதவாது என்று தெரியும், இருந்தாலும்.

தங்கச்சியிடம் ஒரு கேள்வி. மூன்றாவது மீனின் கல்லில் ஒன்று இரண்டாக உடைந்துவிட்டது. உடைந்ததையும் உறையில் போடலாமா, இல்லை முழுசாக இருப்பது மட்டும் போதுமா?


வெள்ளைக்கல்:

போடுங்கள் அண்ணை. எப்படியும் நான் வெட்டத்தான் போகிறேன்.